இ20 காலத்தில் ஒரு பழைய ஹெரால்டு: டேங்க் முதல் ஆர்.சி. வரை

பழைய கார்க்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முன்பெல்லாம் "ஸ்பேர் எங்கே கிடைக்குது?" என்றுதான் பேச்சு தொடங்கும். இப்போது எடுத்த எடுப்பிலேயே "இந்த எத்தனால் பெட்ரோலை ஊத்தலாமாங்க?" என்கிறார்கள். ஊற்றலாம். ரப்பரை மாற்றுங்கள், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைப் பாருங்கள், வண்டியை வாரம் ஒரு தடவையாவது ஓட்டுங்கள். இந்த மூன்றையும் எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

என்னுடையது 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்டாக வந்த வண்டி. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிகெலோட்டி. நம் ஊரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் சென்னையில் கட்டியது. 948 சி.சி. இன்ஜின், ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர், தனிச் சேஸிஸ். பானெட் முழுசாக முன்பக்கம் கவிழ்ந்துவிடும், முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றின் தரப்பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்மினி, அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

எவ்வளவு பயப்பட வேண்டும்?

இந்த வண்டி பிறந்தபோது பெட்ரோலில் ஈயம் இருந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. அப்போதும் "பழைய வண்டி எல்லாம் போச்சு" என்றார்கள், போகவில்லை. 2022இல் பத்து சதவீத எத்தனால் கலப்பை, அதாவது இ10ஐ, எட்டினோம். 2023 பிப்ரவரியில் இருபது சதவீதம், அதாவது இ20, சில பெட்ரோல் பங்குகளில் தொடங்கி, 2025இல் எங்கே போனாலும் அதுதான் என்றாகிவிட்டது. 2030க்கு வைத்த இலக்கை ஐந்து வருடம் முன்னால் இழுத்துக்கொண்டார்கள். புது வண்டிகளையே 2023 ஏப்ரலிலிருந்துதான் இ20க்குத் தாங்கும் பொருட்களால் கட்டுகிறார்கள் என்றால் ஹெரால்டைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

பாதிப்பு மூன்று வகை. எத்தனால் சில ரப்பர்களை ஊதவைத்துப் பிறகு வெடிப்பு விட வைக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். எரிவதற்குப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்று போதும் என்பதால், பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை 'லீன்' ஆகிவிடும், அதாவது காற்று மிஞ்சி எரிபொருள் குறையும். மைலேஜும் கொஞ்சம் விழும். கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10க்கு டியூன் செய்த கார்களில் ஆறு முதல் ஏழு சதவீதம் குறையும் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. என் வண்டிக்கும் அந்தக் கணக்கு ஏறக்குறைய ஒத்துவருகிறது.

இதற்கு மேல் பயப்பட ஒன்றும் இல்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் பிரேசில். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1975இல் அவர்கள் கரும்புச் சாராயத்தைக் கையில் எடுத்தார்கள். பங்குகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பெட்ரோலிலேயே இருபது, இருபத்தைந்து சதவீத எத்தனால் அங்கே பல பத்தாண்டுகளாக உண்டு. கார்புரேட்டர் வைத்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில்கள் அதைக் குடித்தே காலம் தள்ளின. 2025 ஆகஸ்டிலிருந்து முப்பது சதவீதம் ஆக்கிவிட்டார்கள்.

ஊற்றுவதில் எவ்வளவு எத்தனால் இருக்கிறது?

100 மி.லி. கண்ணாடி அளவுக்குழாய் ஒன்று வாங்குங்கள், ஆய்வகச் சாமான் கடையில் கிடைக்கும். திறந்த வெளியில், பக்கத்தில் பீடியோ அடுப்போ இல்லாத இடத்தில் செய்யுங்கள். முதலில் 20 மி.லி. தண்ணீர். அதன் மேல் 100 மட்டம் வரை பெட்ரோல், அதாவது 80 மி.லி. வாயை மூடி நன்றாகக் குலுக்கி, இடையிடையே மூடியைத் திறந்து காற்றை விட்டு, பத்து நிமிடம் அசையாமல் வைத்துவிடுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். இரண்டுக்கும் நடுவே கோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோடு 20இலேயே நின்றால் எத்தனால் இல்லை. 28 பக்கம் என்றால் பத்து சதவீதம். 35ஐத் தொட்டால் இருபது. சாராயமும் தண்ணீரும் கலக்கும்போது கொள்ளளவு சற்றுச் சுருங்கும் என்பதால் சரியாக 36 காட்டாது, அதற்காகப் பங்குக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சோதித்த பெட்ரோலைத் திரும்ப டேங்கில் ஊற்றக் கூடாது.

நூறு ஆக்டேன் பெட்ரோல் விற்கிறார்களே, அதில் எத்தனால் இல்லையாமே என்று கேட்கிறார்கள். ஊற்றும் முன் இதே குழாயில் சோதித்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் பொருள் அது. ஹெரால்டு மாதிரிக் குறைந்த கம்ப்ரஷன் இன்ஜினுக்கு நூறு ஆக்டேனால் இழுவை கூடிவிடாது. அதில் எத்தனால் இல்லையென்றால், மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டிக்கு அது நல்லது. தினசரி ஓட்டத்துக்கு வீண் செலவு.

ரப்பர்தான் முதல் வேலை

ஜெட், ட்யூனிங் எல்லாம் அப்புறம். பெட்ரோல் கசிந்து சூடான சைலன்சர் மேல் சொட்டினால் வண்டியே மிஞ்சாது.

டிக்கியில் இருக்கும் டேங்கிலிருந்து வெளியே வரும் ஹோஸ், பம்புக்கு வரும் ஹோஸ், பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸ், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். நடுவில் வருவது உலோகக் குழாய், அது துருப்பிடிக்காமல் இருந்தால் போதும். கடையில் "பெட்ரோல் ஹோஸ் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் எதையாவது நீட்டுவார்கள். உள்பக்கம் விட்டான் என்ற செயற்கை ரப்பர் லைனிங் உள்ள, ஹோஸ் மேலேயே 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' என்று அச்சிட்ட ரகத்தைக் கேளுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு விற்கும் ஹோஸ் அது.

அச்சு மட்டும் போதுமா? போலிக்கும் அச்சடிப்பார்கள். என் வழி இதுதான்: ஒரே ஹோஸிலிருந்து விரல் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டுவேன். ஒன்றை இ20 நிரப்பிய மூடிபோட்ட கண்ணாடிக் குப்பியில் போட்டு, வீட்டை விட்டுத் தள்ளி, நிழலில் வைப்பேன். ஒரு மாதம் கழித்து எடுத்து, மற்ற துண்டோடு சேர்த்து வெர்னியர் வைத்து அளப்பேன். மலிவு ஹோஸ் துண்டு தொட்டதுமே கொழகொழவென்று இருக்கும், விட்டமும் ஏறியிருக்கும். நகத்தால் கீறினால் கறுப்பு ஒட்டிக்கொள்ளும். நல்ல ரகத்தில் வெர்னியரில்கூட மாற்றம் தெரிவது கஷ்டம்.

"ஏனுங்ணா, ஒரு அடி ஹோஸுக்கு ஒரு மாசமா?" என்று பட்டறைத் தம்பி சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

அடுத்தது பெட்ரோல் பம்ப். ஹெரால்டில் இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் ஏ.சி. வகை மெக்கானிக்கல் பம்ப். அதன் டயாப்ரம் ரப்பர் பூசிய துணி. அது கிழிந்தால் வெளியே சொட்டுவதோடு நிற்காது, உள்ளே இன்ஜின் ஆயில் தேங்கும் சம்புக்கும் இறங்கும். ஆகவே வாரம் ஒரு தடவை ஆயில் குச்சியை இழுத்துப் பார்க்கும்போது மட்டம் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். குச்சியை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ஆயிலை இறக்கிவிட்டு டயாப்ரம் கிட் மாற்றுங்கள். எத்தனாலுக்குத் தாங்கும் டயாப்ரம் என்று சொல்லி விற்கும் கிட்டை மட்டும் வாங்குங்கள். பழைய ஸ்டாக்கில் முப்பது வருடம் பெட்டிக்குள் கிடந்த 'ஒரிஜினல்' கிட்டைப் பார்த்து மயங்காதீர்கள். சென்னை ஜி.பி. ரோட்டிலும் எங்கள் உக்கடத்திலும் அப்படிப்பட்ட பெட்டிகள் இன்னும் வருகின்றன. இரும்புச் சாமானென்றால் அந்த ஒரிஜினலை வாங்கலாம், ரப்பரென்றால் வேண்டாம்.

அதே பம்பின் தலையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. எனக்கு இந்த வண்டியிலேயே ரொம்பப் பிடித்த பாகம் அதுதான். கம்பிப் பிடியைத் தளர்த்திக் கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் டேங்கின் யோக்கியதை தெரிந்துவிடும். செம்மண் நிறத்தில் அடிவண்டல் இருந்தால் டேங்கில் துரு. அடியில் வேறு நிறத்தில் ஒரு அடுக்கு தனியாக நின்று, சாய்த்தால் மெதுவாகப் புரண்டால், அது தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்த கழிவு. டேங்குக்கு அடியிலும் அதுதான் இருக்கிறது என்று அர்த்தம். அதை எந்த மருந்து ஊற்றியும் திரும்பக் கலக்க முடியாது. முழு டேங்கையும் இறக்கிக் காய வைத்துவிட்டுப் புதுப் பெட்ரோல்தான். கிண்ணத்தைத் திரும்ப மாட்டும்போது அதன் வாஷரையும் மாற்றிவிடுங்கள், பழைய வாஷர் காற்று இழுக்கும்.

கார்புரேட்டரில் மிதவையையும் ஊசி வால்வையும் பாருங்கள். கார்க் மிதவை உள்ள பழைய ரகமென்றால் மாற்றுங்கள், அதன் மேல் பூசிய வார்னிஷை எத்தனால் கரைத்துவிடும். டேங்குக்குள் யாராவது முன்பு சீலர் பூசியிருந்தால் அது உரிந்து தோல் தோலாக வரலாம். பூச்சு எதுவும் இல்லாத டேங்கிலும் முதல் இரண்டு மூன்று தடவை நிரப்பும்போது பல வருடப் பிசின் கரைந்து வந்து பில்டரை அடைக்கும். பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உலோக உடம்புள்ள பில்டர் ஒன்றைப் போட்டு, ஆரம்பத்தில் சீக்கிரமாகவே மாற்றுங்கள். உள்ளே தெரியுதே என்று பிளாஸ்டிக் பில்டரை எக்ஸாஸ்ட் பக்கத்தில் தொங்க விடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஜெட்

இ20க்குக் கொள்ளளவில் ஏழெட்டு சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். சோலெக்ஸ் ஜெட்டில் எண் என்பது துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். 110 என்றால் 1.10 மி.மீ. பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால் 110இலிருந்து 115க்குப் போனாலே துளைப் பரப்பு ஒன்பது சதவீதம் கூடிவிடும். அதற்கு மேல் போகாதீர்கள். ஊசியை விட்டுத் துளையைப் பெரிதாக்கும் வித்தையும் வேண்டாம். துளை ஓவலாகிவிட்டால் எந்த எண்ணும் அர்த்தமில்லை.

மாற்றுவதற்கு முன், மாற்ற வேண்டுமா என்று பார்க்க வேண்டும். பல பழைய வண்டிகளில் மெக்கானிக்குகள் எப்போதோ கலவையைத் தாராளமாக வைத்துவிட்டிருப்பார்கள், அதற்கு இ20 தானாகவே சரியாக இருக்கும். அவிநாசி ரோட்டில் சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, ஓட்டத்திலேயே இன்ஜினை அணைத்து, ஓரங்கட்டி பிளக்கைக் கழற்றுங்கள். இளம் பழுப்பு என்றால் ஜெட்டைத் தொடாதீர்கள். வெள்ளை வெளேரென்று இருந்தால், கூடவே ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு கணம் தயங்கி 'பக்' என்று கார்புரேட்டர் வழியே தும்மினால், லீன் ஓடுகிறது. அப்போது ஜெட்டை ஒரு படி ஏற்றுங்கள், ஐடிலிங் ஸ்க்ரூவையும் அதற்கேற்பத் திருத்துங்கள்.

வால்வு வந்து உட்காரும் சீட் தனி விஷயம். அது எத்தனாலின் குற்றமல்ல, ஈயம் போனதின் பாக்கி. ஹெரால்டு, அம்பாசிடர் இரண்டுக்கும் வார்ப்பிரும்பு ஹெட், சீட் ஹெட்டிலேயே கடைந்தது. எக்ஸாஸ்ட் டாப்பெட் இடைவெளி ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்குகிறது. அதற்கென்று ஹெட்டை இறக்க வேண்டாம். வேறு எதற்காவது இறக்கும்போது கெட்டிச் சீட் வளையம் அடித்துவிடுங்கள். கோவையில் இதைச் செய்ய லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை.

வெயிலில் நின்றுபோனால்

எத்தனால் கலந்த பெட்ரோல் சூட்டில் சீக்கிரம் ஆவியாகும். ஹெரால்டில் எக்ஸாஸ்டுக்கு நேர் மேலே கார்புரேட்டர். சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால், செல்ஃப் சுற்றும், பிடிக்காது. பானெட்டைக் கவிழ்த்துத் திறந்து வையுங்கள். பம்பின் மேல் ஈரத்துணி போடுங்கள், அந்தக் காலத்து டாக்ஸிக்காரர்கள் வைத்தியம், இன்னும் வேலை செய்கிறது. பம்பின் அடியில் இருக்கும் சின்னக் கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டி, எதிர்ப்பு குறையும் வரை அடித்து கார்புரேட்டரை நிரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத தடித்த ஸ்பேசரும், எக்ஸாஸ்டுக்கு மேல் ஒரு அலுமினியத் தகடும் போடுங்கள். தகட்டை எந்த டின்கர் பட்டறையிலும் அரை மணி நேரத்தில் வெட்டிக்கொடுப்பார்கள்.

நிற்கும் வண்டி

ஓடும் வண்டியில் எத்தனால் பெட்ரோல் தேங்குவதில்லை, நிற்கும் வண்டியில்தான் தண்ணீர் சேர்கிறது. இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறதென்றால் டேங்கை முழுக்க நிரப்பிவிடுங்கள், உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் இருக்காது. கார்புரேட்டர் கிண்ணத்தை மட்டும் காலி செய்யுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டால் போர்த்தாதீர்கள், ஐப்பசி மழையில் உள்ளுக்குள் வியர்த்துச் சேஸிஸ் கரங்கள் துருப்பிடிக்கும். பருத்திப் போர்வை போதும். பிரேக் ஆயிலும் தண்ணீர் உறிஞ்சும் பொருள்தான், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். எலிக்கு என்னிடம் மருந்து இல்லை.

ஹெரால்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியனுக்குக் கிரீஸ் அடிக்காதீர்கள். அதற்குக் கியர் ஆயில், 90 கிரேடு. கிரீஸ் துப்பாக்கியிலேயே ஆயிலை ஊற்றி அடிக்கலாம். கிரீஸ் அடியில் இருக்கும் மரை வரை இறங்காது, மரை துருப்பிடித்து ஒரு நாள் வண்டியைத் திருப்பும்போது சக்கரம் படுத்துவிடும். எந்தப் பட்டறையிலும் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டிய விஷயம் இது. கிரீஸ் துப்பாக்கி கையில் இருந்தால் பையன்களுக்குப் பார்த்த நிப்பிளில் எல்லாம் அடிக்கத்தான் தோன்றும்.

ஆர்.சி.யா, வி.ஏ. எண்ணா?

முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதியலாம் என 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. எண்ணில் மாநில எழுத்துக்குப் பிறகு 'வி.ஏ.' வரும். ஆனால் அந்த எண் வாங்கிய வண்டியைச் சாதாரணமாகச் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர், இவ்வளவுதான்.

ஓட்டுகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. பழைய ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. காட்டிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் இருபது வருடம் தாண்டிய கார்களுக்குக் கட்டணத்தை 10,000 ஆக்கிவிட்டார்கள். வலிக்கத்தான் செய்கிறது. பசுமை வரி, இன்ஷூரன்ஸ் வேறு. என்றாலும் பால் வாங்கவோ பேத்தியைப் பள்ளியில் விடவோ எடுக்க முடியாத வண்டியை வைத்து என்ன செய்வது? டெல்லியில் பெட்ரோல் வண்டிகளுக்குப் போட்ட பதினைந்து வருடக் கட்டுப்பாடு இங்கே இல்லை. எஃப்.சி.க்குப் போகும் முன் ஹாரன், இண்டிகேட்டர், கைபிரேக் மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள், பழைய வண்டிகள் திரும்பி வருவது பெரும்பாலும் இவற்றால்தான்.

அடுத்து என்ன எரிபொருள்?

எரிபொருள் மாறுவது நமக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, பின்னால் அடுப்பு கட்டிக் கரியை எரித்து, அந்த வாயுவில் பஸ் ஓட்டினார்கள். கரி பஸ்ஸை மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சி.என்.ஜி.யை ஹெரால்டுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். பின்பக்கம் குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், ஊசலாடும் ஆக்ஸில். அதன் மேல் சிலிண்டரை ஏற்றினால் வளைவில் வண்டி சொன்னபடி கேட்காது. அம்பாசிடரின் டிக்கியும் ஸ்பிரிங்கும் அதைத் தாங்கும், ஆனால் ஆர்.சி.யில் மாற்றத்தைப் பதிய வேண்டும்.

மின்மோட்டார் மாற்றுவது பற்றி இளைஞர்கள் நிறையக் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. செய்தால் 'பெரிய மாற்றம் இல்லாத வண்டி' என்ற தகுதியும் போய்விடும். இன்ஜின் உடைந்து, பாகமே கிடைக்காத வண்டி என்றால் யோசிக்கலாம். அப்போதும் சேஸிஸை வெட்டாமல், பழைய தாங்கிகளிலேயே மோட்டாரைப் பொருத்தி, எடுத்த இன்ஜினைக் கிரீஸ் தடவிச் சுற்றி வையுங்கள். ஓடுகிற இன்ஜினை எடுத்துப் போட்டுவிட்டு மோட்டார் வைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

காற்றாலை மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து, கரியமில வாயுவோடு சேர்த்துச் செயற்கைப் பெட்ரோல் செய்யும் முயற்சியும் நடக்கிறது. சிலியில் புந்தா அரெனாஸ் அருகே போர்ஷே கூட்டில் உருவான ஆலை 2022 டிசம்பரில் உற்பத்தியைத் தொடங்கியது. எந்த மாற்றமும் இல்லாமல் பழைய இன்ஜினில் ஊற்றக்கூடியது என்பதால் அதன் மேல் எனக்கு ஒரு கண் உண்டு. ஆனால் உக்கடம் பங்குக்கு அது வரும் என்று காத்திருந்தால் ஹோஸ் வெடித்துவிடும்.

அதைவிடப் பக்கத்தில் இருப்பது இ27. அந்தப் பேச்சு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. மேலே சொன்ன ரப்பர் வேலையைச் செய்துவிட்டவர்களுக்கு மிச்சம் ஜெட் மட்டும்தான். இப்போது 115 போட்டிருந்தால் 117.5 ஒன்றும் 120 ஒன்றும் வாங்கி, எண் எழுதிய சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். பித்தளைத் துண்டுதான், விலை அதிகமில்லை. கடைக்காரரிடம் பழைய ஜெட்டைக் கொண்டுபோய்க் காட்டியே வாங்குங்கள், மரை அளவு மாறினால் போட முடியாது.